நல்ல சட்டைக்குச் சீட்டு இல்லை

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்கிங் அக்கா என்றால்தான் தெரியும். "அக்கா முன்னாடி நூல் தொங்குற சட்டையோட போயிடாதீங்கடி, உங்க முதுகுலயே சிவப்பு அம்பை ஒட்டிடும்" என்று மெஷின்காரப் பெண்கள் சிரிப்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. பதினான்கு வருஷமாக ட்யூப் லைட்டுக்குக் கீழே மேஜை போட்டுச் சட்டை பார்க்கிறவள். காலரில் ஆரம்பித்து பட்டன் பட்டி, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று ஒரே வரிசை, ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. தையல் விட்ட இடத்தில், எண்ணெய் சொட்டிய இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, சீட்டில் ஒரு வரி எழுதுவாள். பழுதில்லாத சட்டைக்குச் சீட்டே கிடையாது. அது பாட்டுக்கு மடிக்கிற மேஜைக்குப் போய்விடும்.

பஸ்ஸில் போனாலும் அவளுக்கு அதே புத்திதான். முன் சீட்டுக்காரர் காலரில் நூல் தொங்கினால் கை பரபரக்கும். ஒருநாள் பிடுங்கியே விட்டாள். அந்த மனுஷன் திரும்பி ஒரு முறை முறைத்தார் பாருங்கள், இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

வீட்டுக்காரர் கூரியர் வேன் ஓட்டுகிறவர். குடிகாரர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. சொல்லப்போனால் தங்கமான மனுஷன் என்றுதான் தெருவில் பேர். ஆனால் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒருநாள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உன்கூட இருந்தா நானும் உன் மேஜையில கிடக்குற சட்டை மாதிரிதான் இருக்கு. எந்நேரமும் திருப்பித் திருப்பிப் பாக்குற. ஒருநாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா?" சொன்னதில்லைதான். நன்றாக இருக்கிறதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. அவர் தன் அக்கா வீட்டோடு போய்விட்டார். இவள் மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மகளோடு இருந்தாள்.

மகளுக்கு எட்டு வயசு. வாண்டு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேன் இறக்கிவிட்டதும் கீழ் வீட்டு டீச்சரம்மாவிடம் இருப்பாள், அம்மா ஆறு மணிக்கு வந்து மாடிக்குக் கூட்டிப் போவாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம். இப்படியே ஓடிவிடும் என்று அக்கா நினைத்திருந்தபோதுதான் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. குழந்தையைத் தன்னிடமே ஒப்படைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். வேலைக்குப் போகிற அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியவில்லை, தன் அக்கா முழுநேரமும் வீட்டில்தான் இருக்கிறார் என்று காரணம் எழுதியிருந்தது. படித்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தரம் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் அணைந்துதான் இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பயம்தான். போன் அடித்தால் எடுப்பதற்கு முன் நம்பரை இரண்டு தரம் பார்ப்பாள். வேலையிலும் கண் நிலைக்கவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்த சட்டை அவள் மேஜையைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசர் அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தார். திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாக்கா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வக்கீலம்மா நல்ல மாதிரி, ஆனால் அவசரக்காரர். முதல் நாளே சொன்னார்: "ஏம்மா, ஒரு நோட்டு போட்டு தினமும் எழுதி வை. குழந்தையை நீ எப்படிப் பாத்துக்கறேங்கறது அதுல தெரியணும். விசாரணைக்கு முன்னாடி கோர்ட் கவுன்சலிங் மேடம் உங்க மூணு பேரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க, அவங்ககிட்ட காட்டலாம். அவங்க எழுதிக் குடுக்குறதைத்தான் ஜட்ஜ் பெருசா எடுத்துப்பார்." வாயை மூடுமுன் அடுத்த கட்சிக்காரரிடம் திரும்பிவிட்டார். எதை எழுதுவது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இவளுக்குத் தெரியாததா? எழுதுவதுதானே இவள் வேலை.

அன்று சாயங்காலம் நீள நோட்டு ஒன்று வாங்கிவந்து மகளை விளக்கடியில் நிற்க வைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தாள். தலை, காது, கழுத்து, தோள், கை, முழங்கால், பாதம். "திரும்பு." வாண்டு திரும்பினாள். "கையைத் தூக்கு." தூக்கினாள். முதல் வாரம் சிரித்துக்கொண்டே செய்தாள், கூச்சம் காட்டி நெளிந்தாள். போகப் போக, கூப்பிடாமலேயே வந்து நின்று, சொல்லாமலேயே திரும்பப் பழகிவிட்டாள்.

நோட்டில் இருந்தது இதுதான்:

"திங்கள்: காலையில் பால் கொடுக்கவில்லை. நேரமில்லை.

செவ்வாய்: டீச்சரம்மா வீட்டுக்குப் போக 40 நிமிடம் லேட். செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

புதன்: கணக்கு வரவில்லை என்று கத்தினேன். அழுதாள். பாலும் கொடுக்கவில்லை.

வியாழன்: வலது முழங்காலில் சிராய்ப்பு. எப்போது என்று தெரியவில்லை."

வெள்ளிக்கிழமை நோட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை எந்தப் பழுதும் இல்லை, அதனால் எழுதவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் கட்டில் மேல் போர்வையால் கூடாரம் கட்டி உள்ளே உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் தின்றார்கள். வாண்டு சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்து, மறுபடி விக்கல். அதெல்லாம் எதற்கு எழுத? நல்ல சட்டை அது.

ஐந்து வாரம் இப்படி எழுதினாள். கவுன்சலிங் மேடம் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின திங்கட்கிழமை, வேலை முடிந்து நேராக நோட்டோடு வக்கீலம்மா ஆபீசுக்குப் போனாள். மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒரு வரி அடித்தல் திருத்தல் இல்லை, முத்து முத்தான கையெழுத்து.

வக்கீலம்மா இரண்டு பக்கம் படித்தார். மூன்றாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான் மேடம்."

"ஐயோ, ஐயோ! எதிர்க்கட்சி வக்கீலுக்கு நீ வேலையே வைக்கலையேம்மா. அவங்க கேஸை நீயே உன் கையால எழுதி வெச்சிருக்கியே. லேட்டு, பால் இல்ல, கத்தினேன், காயம், காய்ச்சல்... இதைப் படிச்சா உன் வீட்ல ஒரு பூனையைக்கூட விட மாட்டாங்க!"

தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி நின்றாள். அப்போதுதான் அந்த நோட்டை முதல்முறையாக வெளியாள் கண்ணால் பார்த்தாள். வரிக்கு வரி பழுது, பக்கத்துக்குப் பக்கம் பழுது. இந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும்.

"இதை உள்ள வை" என்றார் வக்கீலம்மா, குரலைத் தணித்து. "பொய் எழுதச் சொல்லல. நல்லதும் நடந்திருக்கும்ல? அதை யோசிச்சு ஒரு பத்துப் பக்கம் வியாழனுக்குள்ள எழுதிட்டு வா."

வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. டீச்சரம்மா வீட்டில் வாண்டு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். "பால் குடிச்சிட்டேன்மா" என்றாள் கேட்பதற்கு முன்னாலேயே. "நடுவுல நோட்டு எடுக்கணும்னு சாவி வாங்கிட்டு மேல போனா, கொஞ்ச நேரத்துல வந்துட்டா" என்றார் டீச்சரம்மா. அம்மா காதில் எதுவும் ஏறவில்லை. ஐந்து வாரத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக மகளை விளக்கடியில் நிறுத்திப் பார்க்காமல் படுக்கப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் மகளை விளக்கடியில் நிறுத்தவில்லை, புது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "குழந்தை சந்தோஷமாக இருக்கிறாள்" என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தால் யாரோ சொல்லிக்கொடுத்து எழுதின மாதிரி இருந்தது. கிழித்தாள். "குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாள்." அதையும் கிழித்தாள். போர்வைக் கூடாரம் ஞாபகம் வந்தது, ஆனால் அது எந்த வெள்ளிக்கிழமை என்று தேதி தெரியவில்லை, தேதி இல்லாமல் எழுத அவளுக்குக் கை வரவில்லை. பதினான்கு வருஷம் பழுதை மட்டுமே பார்த்த கண்ணுக்கு நல்லதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் போனது. வீட்டுக்காரர் துணி அடுக்கிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்து, அவர் மேல் கோபம் வந்து, அந்தக் கோபத்துக்கு அடியில் அவர் சொன்னது சரியோ என்ற பயம் வந்து, பேனாவை மூடிவைத்துவிட்டு அழுதாள். வாண்டு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மகளுக்குத் தலை வாரினாள். நல்ல புழுக்கம். வாண்டு அன்றைக்கும் முழுக்கைதான் போட்டிருந்தாள். இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடியிருந்தாள். அக்காவின் கண் அதுவாகவே அங்கே போனது. முன்கைத் துணியில் மஞ்சளாக ஒரு ஈரம், காசு அகலம். எண்ணெய் இல்லை, பால் இல்லை, மை இல்லை. கறை எத்தனை வகை உண்டோ அத்தனையும் தெரிந்தவளுக்கு அது என்ன கறை என்று தெரியவில்லை.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டு வாண்டு."

வாண்டு சட்டைக் கையை மெல்லச் சுருட்டினாள். துணி தோலோடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பாதி தூரம் வெந்து, கொப்புளம் உடைந்து, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. அம்மாவுக்குச் சீப்பு கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"எப்படி ஆச்சு? எப்போ?"

"திங்கக்கிழமை. பால் காய்ச்சினேன்." குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ நோட்டுல 'பால் கொடுக்கல, பால் கொடுக்கல'ன்னு எழுதியிருக்கேல்ல. நானே காய்ச்சிக் குடிச்சுட்டா அதை எழுத மாட்டேல்ல. தூக்கும்போது வழுக்கிடுச்சு."

"அந்த நோட்டை நீ படிச்சியா?"

"தினமும் படிப்பேன். என்கிட்ட என்னென்ன தப்பு இருக்குன்னு பாப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நிறைய இருந்தா என்னை அனுப்பிடுவாங்கல்ல? அதான் இதைச் சொல்லல. வலிக்கவே இல்லம்மா, நிஜமா."

அடிப்பாவி, அந்த நோட்டில் இருந்ததெல்லாம் உன் தப்பா? ஒவ்வொரு வரியும் அம்மா தன்னைப் பற்றி எழுதினது. தான் லேட், தான் கத்தினது, தான் கொடுக்காதது. ஆனால் விளக்கடியில் நிற்க வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது யாரை? எட்டு வயசுக்கு வேறு எப்படித்தான் புரியும்? குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள், எட்டு வயசுப் பெண்ணை, மாடிப்படி முழுக்க.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார். "ரெண்டு நாளா கவனிக்கலையாம்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

திரும்பி வரும்போது வாண்டு சொன்னாள்: "நாளைக்கு முழுக்கைச் சட்டையே போட்டுக்கறேன்மா. கட்டு வெளிய தெரியாது. யாருக்கும் சொல்ல வேணாம்."

அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் அவள் "சரி" என்றுதான் சொன்னாள். நாளைக்குக் காலையில் அந்தக் கட்டைக் கோர்ட்டில் பார்த்தால் மகள் போய்விடுவாள் என்ற பயம்தான். சொன்னதோடு விடவில்லை. மறுநாள் காலையில் கட்டு உப்பலாகத் தெரியாத மாதிரி தளர்வான சட்டையாகத் தேடி எடுத்தாள். பட்டனைப் போட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். தெரியவில்லை. செக்கிங் அக்கா தன் கையாலேயே ஒரு பழுதை மறைத்து அனுப்பிய முதல் நாள் அது.

குடும்பக் கோர்ட்டில் இரண்டாவது மாடி வராந்தா. சுவரோரம் நீள பெஞ்சு, மேலே சுற்றுவதற்கு யோசிக்கும் ஒரு பேன். கவுன்சலிங் மேடத்தின் அறைக்கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்காரர் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். இளைத்திருந்தார், முகத்தைச் சரியாக மழிக்கவில்லை, அவரும் நன்றாகத் தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாண்டு!" என்று வந்து, வழக்கம்போல இரண்டு கையையும் பிடித்துத் தூக்கப் போனார்.

அவர் விரல்கள் இடது கையில் அழுந்தின. குழந்தையின் உதடு வெளுத்துப் போனது. ஆனால் சத்தம் வரவில்லை. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். வலிக்கிறது, சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. அழுவதற்கு அனுமதி கேட்டு ஒரு குழந்தை தாயைப் பார்ப்பதைவிடக் கேவலம் ஒரு தாய்க்கு வேறு என்ன வேண்டும்?

"விடுங்க" என்றாள். "கையை விடுங்க. அவளுக்குக் கை வெந்திருக்கு."

அவர் விட்டார். அவள் மண்டியிட்டு, பட்டனைக் கழற்றி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். கட்டின் ஓரத்தில் சிவந்த தோல் தெரிந்தது. "திங்கக்கிழமை ஆச்சு. என் வீட்லதான். நான் இல்லாதப்போ பால் காய்ச்சியிருக்கா. நேத்து சாயங்காலம்தான் எனக்கே தெரியும். உங்ககிட்ட மறைக்கணும்னுதான் இந்தச் சட்டையைப் போட்டுக் கூட்டிட்டு வந்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொல்லும்போதே தெரிந்தது, கேஸ் போய்விட்டது என்று.

வீட்டுக்காரர் முகம் கறுத்தது. "ரெண்டு நாளா? ரெண்டு நாளா குழந்தை..." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எது கண்ணில் பட்டாலும் படம் பிடித்து வையுங்கள் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. இவளுக்கு நோட்டு, அவருக்குப் போன். கட்டுப்போட்ட கைக்கு நேராகப் போனைத் தூக்கினார்.

போனைப் பார்த்ததும் வாண்டு சிரித்தாள். படம் எடுக்கும்போது சிரிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது அது. கையை அசையாமல் நீட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, பல் தெரியச் சிரித்தாள்.

போன் மெல்லக் கீழே இறங்கியது. "சிரிக்காதடி செல்லம்" என்றார் அவர், குரல் உடைந்து. "வலிக்குதா?"

வாண்டு மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"அவரைப் பாத்துச் சொல்லு" என்றாள் அம்மா. "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு."

அதற்கப்புறம்தான் குழந்தை அழுதாள். அழுகையா அது, இரண்டு நாள் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவள் வாயைப் பொத்தவில்லை, 'ச்சீ, அழாதே' என்று சொல்லவில்லை. அவர் ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. கவுன்சலிங் மேடம் நின்றுகொண்டிருந்தார். சுருட்டிய சட்டைக் கையையும் கட்டையும் பார்த்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. "முதல்ல குழந்தை மட்டும் வரட்டும்" என்றார்.

வாண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். ஐந்து வாரமாக அம்மா சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்த பதில்கள் இருந்தன. அம்மா நல்லா பாத்துக்கறாங்க, நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன். அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"உள்ள போய் என்ன சொல்லணும்?"

"என்ன கேக்குறாங்களோ, உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

"யார்கூட இருக்கணும்னு கேட்டா?"

"அதுக்கும்."

குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "அப்பாகூடன்னு சொன்னா நீ அழுவியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "அழுவேன்" என்றாள். "நான் அழுறதை நான் பாத்துக்கறேன். நீ போ."

வாண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த புது நோட்டை எடுத்து அன்றைய தேதியை எழுதினாள்.